பன்னிரு கட்டையும் பழகிய காதும்

சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரத்துக்குச் செல்லும் பழைய சாலையில், கேளம்பாக்கத்துக்கு வடக்கே சிறுசேரி என்றோர் ஊர் இருக்கிறது. இன்று அது கம்ப்யூட்டர்த் தொழிலுக்குப் பேர்போன இடம். அங்கேயே சென்னைக் கணிதவியல் நிறுவனமும் 2005-ஆம் வருஷம் முதல் தன் சொந்தக் கட்டடத்தில் நடைபெற்று வருகிறது. 1989-ஆம் வருஷம் அதை ஸ்தாபித்தவர் ஸ்ரீ சி. எஸ். சேஷாத்ரி. உலகின் பெரிய கணித மேதைகளில் ஒருவராக மதிக்கப்பட்ட அவர், கர்நாடக சங்கீதத்திலும் நல்ல தேர்ச்சி பெற்றவர். 2020-ஆம் வருஷம் அவர் காலமானபோது, கணிதத்தை இழந்தோர் மட்டுமன்றிச் சங்கீதத்தை அறிந்தோரும் வருந்தினார்கள்.

கணக்கும் பாட்டும் ஒரே மனிதரிடத்தில் கூடியிருந்தது விந்தையன்று. சங்கீதத்தின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு ஒருபோதும் சரிக்கட்டி வருவதில்லை. வராத கணக்கை எப்படித் தீர்ப்பது என்பதில் மேல்நாட்டார் ஒரு வழி கண்டனர்; நாம் வேறு வழி கண்டோம். அவர்கள் வழியில் பிறந்த வாத்தியம் நம் வீடுகளில் புகுந்தபோது எழுந்த வழக்கு இன்றளவும் தீரவில்லை. சங்கீதம் அறிந்தவர்களின் சச்சரவுதானே என்று பொதுஜனங்கள் இதை ஒதுக்கிவிடலாகாது. நம் குழந்தைகளின் காது எதற்குப் பழகப் போகிறது என்பதே இந்த வழக்கின் விஷயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு தந்தியை மீட்டினால் எழும் நாதத்தை ஆதார ஷட்ஜம் என்று கொள்வோம். அந்தத் தந்தியில் சரிபாதி நீளம் மட்டும் ஒலிக்குமாறு அழுத்தி மீட்டினால் மேல் ஷட்ஜம் பிறக்கும். அதிர்வு இரு மடங்காகும். மூன்றில் இரண்டு பங்கு நீளம் ஒலித்தால் பஞ்சமம். அதிர்வு ஒன்றரை மடங்கு. ஐந்தில் நான்கு பங்கு ஒலித்தால் அந்தர காந்தாரம். அதிர்வு ஒன்றேகால் மடங்கு. இவை யாரும் சட்டமியற்றி வகுத்தவை அல்ல. தந்தியின் இயல்பிலேயே உள்ளவை. ஆகவேதான் இவை ஷட்ஜத்தோடு சேர்ந்து ஒலிக்கும்போது காது இடறாமல் இன்புறுகிறது.

இனி, பஞ்சமத்தையே ஷட்ஜமாக வைத்து அதன் பஞ்சமத்தைக் காண்போம். பிறகு அதன் பஞ்சமத்தையும் காண்போம். இப்படிப் பன்னிரண்டு படி ஏறினால், பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களையும் தொட்டுவிட்டு, ஏழு ஸ்தாயிகளுக்கு மேலே மறுபடி ஷட்ஜத்துக்கே வந்து சேர வேண்டும். பழந்தமிழர் யாழ் நரம்புகளைக் குரலிலிருந்து இளி இளியாக எண்ணிக் கண்டதும் இந்த மார்க்கமே என்பர் ஆராய்ந்தோர். ஆனால் வந்து சேர்வதில்லை! ஏழு ஸ்தாயிக்கு மேலுள்ள ஷட்ஜம் ஆதாரத்தைப்போல் 128 மடங்கு இருக்க வேண்டும். ஒன்றரையைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் கிடைப்பதோ ஏறக்குறைய 129.75. மிஞ்சி நிற்கும் இந்தச் சிறு துண்டு ஓர் அரை ஸ்வரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. எண்கள் செய்யும் இந்த வஞ்சனையை எந்த வித்துவானும் எந்த விஞ்ஞானியும் ஒழிக்க முடியாது. மிச்சத்தை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது ஒன்றே மனிதனுக்கு விடப்பட்ட சுதந்தரம்.

மேல்நாட்டார் அந்த மிச்சத்தை எல்லார் தலையிலும் சமமாகப் பங்கிட்டார்கள். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல் 1.05946 மடங்கு இருக்கும்படி செய்துவிட்டார்கள். இந்தக் கணக்கை முதலில் நுட்பமாகப் போட்டுக் காட்டியவர் சீன தேசத்து இளவரசர் ஜூ ஜாய்யூ. அது 1584-ஆம் வருஷம். ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவின் என்பவரும் அதே முடிவுக்கு வந்தார். எனினும் ஐரோப்பிய வாத்தியங்களில் இந்த முறை முழு ஆட்சி பெற்றது 19-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பு அவர்களிடமும் பலவகைச் சுருதி முறைகள் வழங்கி வந்தன.

இதனால் அவர்களுக்குக் கிடைத்த லாபம் பெரிது. பியானோவில் எந்தக் கட்டையை ஷட்ஜமாக வைத்தாலும் பாட்டு ஒரே மாதிரி ஒலிக்கும். ஒரு பாட்டின் நடுவிலேயே ஆதாரத்தை மாற்றி மாற்றிச் செல்லலாம். பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் அவர்களுடைய சங்கீதத்துக்கு இது அவசியமே. ஆனால் விலையில்லாத லாபம் உலகில் இல்லை. சமப் பங்கீட்டில் ஸ்தாயியைத் தவிர வேறெந்தப் பொருத்தமும் சுத்தமாக இராது. பஞ்சமம் மயிரிழை குறையும்; அதைக் காது மன்னித்துவிடும். அந்தர காந்தாரமோ, ஓர் அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கினால் அதில் ஏறக்குறைய பதினான்கு பங்கு ஏறி நிற்கும். அதைப் பழகிய காது மன்னிப்பதில்லை.

நம் சங்கீதம் ஆதாரத்தை மாற்றுவதில்லை. கச்சேரி தொடங்கியது முதல் மங்களம் பாடி முடிக்கும் வரை தம்புரா ஒரே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று நான்கே தந்திகள். பாலத்தின்மேல் தந்திக்கு அடியில் ஜீவா என்னும் சிறு நூலைச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்ததும், மந்தரத் தந்தியிலிருந்து, யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுந்து ஒலிக்கும். ‘ஸ்வயம்பு’ என்று பெரியோர் இதைச் சொன்னது எவ்வளவு பொருத்தம்! மந்தரம் நொடிக்கு 120 தடவை அதிர்வதாகக் கொண்டால், அந்த ஸ்வயம்பு காந்தாரம் 600 தடவை அதிரும். அதன் கீழ் ஸ்தாயி, அதாவது பாடகர் பாடவேண்டிய காந்தாரம், 300. ஹார்மோனியக் கட்டை கொடுக்கும் காந்தாரமோ 302.4. அதன் மேல் ஸ்தாயி ஒலி 604.8. இவ்விரண்டும் கூடினால் நொடிக்கு ஏறக்குறைய ஐந்து தடவை ஒன்றோடொன்று மோதி அலையும். தம்புரா ஒன்று சொல்ல, கட்டை வேறொன்று சொல்ல, நடுவில் பாடுகிறவன் யாரை நம்புவான்?

இஃது ஒரு குறை. இதனினும் பெரியது மற்றொன்று. நம் ராகங்களில் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தோடியின் காந்தாரமும் கரஹரப்ரியாவின் காந்தாரமும் ஏட்டில் ஒன்றே. இரண்டும் சாதாரண காந்தாரம். கட்டையிலும் இரண்டுக்கும் ஒரே இடம். பாடும்போதோ அவை இரு வேறு ஜன்மங்கள். அசைவின் அளவும், அது தொடங்கும் இடமும், அது சாயும் திசையும் சேர்ந்தே ராகத்தைச் சொல்கின்றன. வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்து அசையாமல் நிற்பினும், வாசிப்பவர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அந்த அசைவை வருவிக்கிறார். நாகஸ்வரக்காரர் துளையைப் பாதி மூடியும், சீவாளியில் ஊதும் காற்றை அடக்கியும் விட்டும் வருவிக்கிறார். ஹார்மோனியத்தில் ரீடு என்னும் பித்தளை நாக்கு தனக்கு விதித்த ஒரே ஒலியைத்தான் சொல்லும். அதைக் கெஞ்சினாலும் அழுத்தினாலும் பயனில்லை.

இத்தகைய வாத்தியம் நம்மிடையே எப்படிப் பரவியது? ஐரோப்பாவில் காலால் துருத்தி மிதிக்கும் பெட்டியாக இருந்ததை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத கோஷ் என்பவர் கையால் துருத்தி அசைக்கும் சிறு பெட்டியாக மாற்றினார். விலை மலிவு, தூக்கிச் செல்ல எளிது, சுருதி சேர்க்க வேண்டிய தொல்லை இல்லை. தமிழ் நாடக மேடை அதை வரவேற்றது. ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஒலித்தது அது ஒன்றுதான். எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவர் தமையனார் காசி ஐயர் ஹார்மோனியம் வாசித்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. பஜனை மடங்களும் அதை ஏற்றன. எதிர்த்தோரும் இருந்தனர். பாரதியார் ‘சங்கீத விஷயம்’ என்ற தம் கட்டுரையில் அதைக் கடிந்து எழுதினார். ரவீந்திரநாத் தாகூர் தம் ஆசிரமத்தில் அதற்கு இடம் தரவில்லை. 1940-ஆம் வருஷம் ஜனவரியில் கல்கத்தா வானொலி நிலையத்துக்கும் தம் கருத்தை எழுதினார். லயனல் பீல்டன் தலைமையில் நடந்துவந்த அகில இந்திய வானொலி, அவ்வருஷம் மார்ச்சு முதல் தேதியிலிருந்து ஹார்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிற்று. நாடு விடுதலை பெற்ற பிறகும் தடை நீடித்தது. 1971-ஆம் வருஷத்தில்தான் அது ஓரளவு தளர்ந்தது.

முப்பத்தொரு வருஷ காலத் தடையினால் விளைந்த பயன் என்ன? வானொலியில் ஒலிக்காத ஹார்மோனியம் வீட்டில் ஒலித்தது, பள்ளிக்கூடத்தில் ஒலித்தது, மேடையில் ஒலித்தது. அதைவிட ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். ஹார்மோனியத்தைத் தீண்டாத வித்துவானிடம் சென்று, ‘தாங்கள் பாடும் சுருதி எது?’ என்று வினவினால், ‘ஒரு கட்டை’ என்றோ ‘ஐந்தரைக் கட்டை’ என்றோதான் விடை வரும். எந்தப் பெட்டியை நாம் வாசலில் நிறுத்தினோமோ, அதன் கட்டைகளாலேயே நம் குரலை அளந்துகொண்டிருக்கிறோம்! சட்டம் ஒரு பொருளை வீட்டுக்கு வெளியே நிறுத்தலாம். காதுக்கு வெளியே நிறுத்த அதனால் ஆகாது.

‘அந்நிய வாத்தியமாதலால் அது ஆகாது’ என்று வாதித்த தேசபக்தர்கள் உண்டு. அந்த வாதம் வழக்கு மன்றத்தில் ஒரு நாழிகைகூட நிற்காது. பிடில் எந்த தேசத்தது? முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலந்தொட்டு அது நம் கச்சேரியில் பாடகருக்கு வலக்கையாக இருக்கிறது. கிளாரினெட்டை ஏ. கே. சி. நடராஜன் நம் வாத்தியமாக்கினார். மாண்டலினை உ. ஸ்ரீநிவாசும், சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத்தும் அவ்வாறே ஆக்கினார்கள். இவையெல்லாம் அந்நியமே, ஆயினும் தந்தியை வழுக்கியும் இழுத்தும், காற்றை அடக்கியும் கமகத்துக்கு இடங்கொடுத்தன. கல்கத்தாவில் உருப்பெற்ற கைப்பெட்டியோ, சுதேசித் தொழிலென்று மெச்சத் தக்கதாயினும், இடங்கொடுக்கவில்லை. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, ‘எங்கே பிறந்தாய்?’ என்பதன்று, ‘வளைவாயா?’ என்பதே.

சமப் பங்கீடு என்பதும் முற்றிலும் அந்நியச் சரக்கு என்று சொல்வதற்கில்லை. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் தமிழிசைக்குச் செய்த தொண்டை அறியாதார் இல்லை. தம் பொருளைச் செலவிட்டுச் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் கண்டவர். 1917-ஆம் வருஷம் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டவர். அவர் முடிவு யாது? ஒரு ஸ்தாயியில் சுருதிகள் இருபத்துநான்கு, அவை ஒன்றுக்கொன்று சமமானவை என்பதே. சிலப்பதிகாரத்தை ஆராய்ந்தே அந்த முடிவை நாட்டினார். சாரங்கதேவர் முதலானோர் கூறிய இருபத்திரண்டு சுருதிக் கணக்கை அவர் மறுத்தார். மறுபுறம், பம்பாய் மாகாணத்தில் ஜில்லா ஜட்ஜாக இருந்த ஆங்கிலேயர் ஈ. கிளெமெண்ட்ஸ், சாங்கிலியைச் சேர்ந்த தேவல் என்பாரின் ஆராய்ச்சியைப் பின்பற்றி, இருபத்திரண்டு சுருதிகளும் ஒலிக்கும் ஹார்மோனியம் ஒன்றைச் செய்வித்தார். 1916-ஆம் வருஷம் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில் இவ்விரு கட்சியாரும் தத்தம் கொள்கையை எடுத்துரைத்தனர். தமிழர் சமப் பங்கீட்டுக்கு வாதாட, ஆங்கிலேயர் இயற்கைச் சுருதிக்கு வாதாடினார்! பிறகு 1947-ஆம் வருஷம் ஈழத்து விபுலாநந்த அடிகள் தம் ‘யாழ் நூல்’ வாயிலாக, அதே சிலப்பதிகாரத்தைக் கணித முறையில் ஆராய்ந்து, இருபத்திரண்டு அலகுகளை நிலைநாட்டினார். இரு பெருந்தமிழர், ஒரே நூல், இரு வேறு முடிவு. இவ்விஷயத்தில் தேசாபிமானத்தையோ பாஷாபிமானத்தையோ சாட்சிக்கூண்டில் ஏற்றிப் பயனில்லை என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமோ?

அப்படியாயின் எந்தச் சாட்சியை நம்புவது? காதைத்தான். பரத முனிவரும் அதையே நம்பினார். ஒரே மாதிரி சுருதி சேர்த்த இரு வீணைகளை எடுத்து, ஒன்றை அசையாமல் வைத்து, மற்றொன்றைப் படிப்படியாக இறக்கி, எந்த ஸ்வரம் எதனோடு கலக்கிறது என்று கேட்டுக் கேட்டே அவர் சுருதிகளை எண்ணிக் காட்டினார். பாடுகிறவரும் வாசிக்கிறவரும் உண்மையில் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கருவிகொண்டு அளந்த ஆராய்ச்சிகளும் உண்டு. 1963-ஆம் வருஷம் ஜெய்ராஜ்பாயும் ஸ்டோனும் வடநாட்டு சங்கீதத்தை அவ்வாறு அளந்தபோது, வித்துவான்கள் சமப் பங்கீட்டிலும் நிற்கவில்லை, ஏட்டுச் சுருதிகளிலும் பிசகாமல் நிற்கவில்லை என்பது புலப்பட்டது. ஒருவரே ஒரே ராகத்தில் இடத்துக்கு இடம் சிறிது மாறுகிறார். இதனால் சுருதி சாஸ்திரம் பொய் என்று ஆகிவிடாது. ஷட்ஜ பஞ்சமங்கள் கரைபோல அசையாது நிற்க, ஏனைய ஸ்வரங்கள் நீர்போல அசைகின்றன. எவ்வளவு அசையலாம் என்பதை ராகமும் குருபரம்பரையும் பழகிய காதும் நிச்சயிக்கின்றன. ஆகவே நாம் காப்பாற்ற வேண்டியது இருபத்திரண்டு என்ற எண்ணையோ இருபத்துநான்கு என்ற எண்ணையோ அன்று. அசைவை உணரும் காதையே காப்பாற்ற வேண்டும்.

அந்தக் காதுக்கு இன்று வந்துள்ள ஆபத்து ஹார்மோனியத்தால் அன்று. ஹார்மோனியம் கண்ணுக்குத் தெரியும் எதிரி. இன்றைய பன்னிரு கட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் கருவிகளுக்குள்ளே ஒளிந்திருக்கின்றன. 1983-ஆம் வருஷம் மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ‘மிடி’ என்று ஒரு பொதுப் பாஷையை ஏற்படுத்தினார்கள். அதில் ஸ்வரங்களுக்கு 128 எண்கள். வேறு ஏற்பாடு செய்யாவிடில் அவ்வளவும் சமப் பங்கீட்டு ஸ்வரங்களே. 1997-ஆம் வருஷம் ‘ஆட்டோ ட்யூன்’ என்னும் திருத்தும் யந்திரம் வந்தது. பூமிக்கடியில் எண்ணெய் தேடுவதற்கு ஒலியலைகளை ஆராய்ந்துவந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியியல் அறிஞர் ஆக்கியது அது. பாடகர் சற்று விலகினால், அருகிலுள்ள கட்டைக்கு அது குரலை இழுத்து நிறுத்திவிடும். தோடியின் காந்தாரத்தை அதனிடம் அப்படியே கொடுத்தால் என்ன ஆகும்? ராகத்தின் உயிராகிய அசைவைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடும்! பிழையைத் திருத்தும் கருவி எது பிழை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தையும் எடுத்துக்கொள்வது எவ்வளவு அநியாயம்!

திரைப்படப் பாட்டில் ஐம்பது வாத்தியங்கள் ஒருங்கே ஒலிக்க வேண்டுமானால் சமப் பங்கீடு உதவும். அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. அதில் இனிய சிருஷ்டிகள் பல பிறந்திருக்கின்றன. தாம்பரத்திலும் சேலையூரிலும் மின்விசைக் கட்டைப்பெட்டி பயிலும் சிறுவர் சிறுமியர் மேல்நாட்டு சங்கீதத்தை முறையாகக் கற்பதும் நல்லதே. ஆனால் ஸரளி வரிசையையும் அதே பெட்டியில், அதே பெட்டிக்கு ஒத்தே பாடிப் பழகும் குழந்தை, தம்புராவின் ஸ்வயம்பு காந்தாரத்தைக் கேட்கும் நாளில், ‘இது சுருதி சேரவில்லை’ என்று சொல்லக்கூடும். அந்த நாளில் நாம் இழப்பது வெறும் ஒரு வாத்தியத்தை அன்று. சரியென்று அறியும் புலனையே இழந்தவர்களாவோம்.

செய்யவேண்டியவை மூன்று என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு பள்ளியும் மரத் தம்புரா ஒன்றை வைத்திருக்க வேண்டும். மின்னணுச் சுருதிப் பெட்டி பிரயாணத்துக்கு உதவட்டும். ஆனால் பிருடையைத் திருகி, மணியை நகர்த்தி, ஜீவாவைச் சரிசெய்து, தன் கையால் சுருதி சேர்க்கத் தெரியாத மாணவனுக்கு வர்ணம் தொடங்குவதில்லை என்று ஆசிரியர்கள் உறுதி கொள்ளட்டும். இரண்டாவது, பாட்டுப் போட்டி நடத்துவோர் பக்தியோடு பரிசு கொடுத்தால் மட்டும் போதாது; சாஸ்திரீயப் பாட்டுக்குத் தம்புராவை வைத்துக் கேட்க வேண்டும், கட்டைப்பெட்டியை வைத்து அன்று.

மூன்றாவது, கம்ப்யூட்டர்த் தொழிலில் உள்ள நம் வாலிபர்களின் கடமை. ஹார்மோனியத்தின் நாக்கு பித்தளை. அது வளையாததற்கு அதைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்ப்யூட்டரின் நாக்கோ வெறும் எண். எந்தச் சுருதியையும், எந்த அசைவையும் அது சொல்லும். சொல்லும்படி கட்டளையிட வேண்டும், அவ்வளவே. மிடியிலேயே விருப்பமான சுருதி முறையைப் புகுத்துவதற்கு 1990-களிலேயே வழி வகுத்துவிட்டார்கள். 2020-ஆம் வருஷம் வகுத்த அதன் இரண்டாம் முறையில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே வளைக்கலாம். ஆகவே, ‘யந்திரத்தால் முடியாது’ என்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது. பன்னிரு கட்டைதான் இயற்கை, மற்றவை விசேஷ ஏற்பாடு என்று யாரோ ஒருவர் முதலில் எழுதிவைத்தது இன்றும் தொடர்கிறது. அதை மாற்றி எழுதுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

கணிதமும் கம்ப்யூட்டர்த் தொழிலும் ஒரே ஊரில் அருகருகே வாழும் சிறுசேரி போன்ற இடத்தில் இந்தக் காரியம் தொடங்கக் கூடாதா? தோடியைத் தோடியாகவே கேட்டு, பிழையையும் கமகத்தையும் பிரித்தறியும் யந்திரத்தை நம்மவர் செய்துவிட்டால், 1940-ஆம் வருஷத்துத் தடையால் ஆகாதது ஆகும். நாட்டின் விடுதலை என்பது அந்நியனை வெளியேற்றுவதோடு முடிந்துவிடவில்லை. எது சரி, எது பிழை என்று நாமே கேட்டு அறிந்து சொல்லும் ஆற்றலும் அதில் அடங்கும். இசையில் அந்த ஆற்றலுக்குச் சுருதி ஞானம் என்று பெயர். அதைக் கடையில் வாங்க முடியாது; சர்க்கார் உத்தரவால் பெற முடியாது. நாள்தோறும் தம்புராவின் முன் அமர்ந்து காது கொடுப்பவனுக்கே அது வாய்க்கும்.